தக்காளிக்கு மூன்று ஷிப்ட்

ஒரகடம்,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய மச்சான் திரு. உச்சிமாகாளி அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கையைக் கட்டிய கொம்பையா வணக்கத்துடன் எழுதும் விவரம். இவ்விடம் நானும் என் பொறுப்பில் உள்ள இரண்டு கேட்டுகளும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும் அக்காவும் மருமகன் மாரிராஜும் ஆடுகளும் சௌக்கியமாக இருக்க வல்லக்கோட்டை முருகன் துணை நிற்கட்டும். போனை எடுத்துப் பேசாமல் தபாலில் எழுதுகிறானே, இவனுக்கு என்ன கேடு என்று நீங்கள் முணுமுணுப்பது இங்கேவரை கேட்கிறது. நான் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. நீங்கள் அடித்தால் எனக்கு மணி அடிக்காது, ஏனென்றால் உங்களை நான் தடுத்து வைத்திருக்கிறேன். கோபப்படாதீர்கள், அது பகையினால் செய்ததல்ல. தங்கை மூலம் சொல்லி அனுப்பலாம் என்றால், நான் சொன்னதில் பாதியை விட்டுவிட்டு மீதியை அவளாகச் சேர்த்துச் சொல்வாள். அதனால்தான் இந்தக் கடிதம். விஷயம் அவசரமானது. எங்கள் மகள் சுகப்பிரியாவுக்கும் மாரிராஜுக்கும் கல்யாணம் நடத்த நீங்கள் சொல்லிவைத்த மண்டபத்தைப் பற்றியது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், அப்போதுதான் எனக்கே புரியும். முப்பத்தோரு வருஷம் சங்கரன்கோவில் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயரான நான், இந்த வயதில் ஒரகடத்தில் ஒரு குடோனுக்கு செக்யூரிட்டியாக வந்தது பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்றுதான். பக்கத்தில்தான் இருக்கிறேன். அவளுடைய ஹாஸ்டல் சுங்குவார்சத்திரத்தில், ஒரு பஸ் ஏறினால் போதும். ஆனால் எனக்கு டூட்டி காலை எட்டிலிருந்து இரவு எட்டு. அவளுக்குக் கம்பெனியில் ஃபர்ஸ்ட் ஷிப்ட், காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு, அதற்கு மேல் ஓ.டி. ஹாஸ்டலில் அப்பன்மாரை ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல்தான் விடுவார்கள், எனக்கோ ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. ஐந்து மாதத்தில் நாலு தடவைதான் முகம் பார்த்தேன். நீங்களோ "பிள்ளை மனசைக் கேட்டு ஒரு வார்த்தை சொல்லும், ஆவணிக்குள்ள முடிவு பண்ணணும்" என்று சொல்லிவிட்டீர்கள். கேட்கச் சொன்னது நியாயம்தான். ஆனால் மச்சான், நான் அவள் பிறந்ததிலிருந்து அவளிடம் மனசைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. போன் போட்டால் நான் "ம்" என்பேன், அவள் "ம்" என்பாள், பிறகு இரண்டு பேரும் "சரி" என்று வைத்துவிடுவோம்.

இதைப் பார்த்துவிட்டு, கூட வேலை பார்க்கும் சாம்சன் சொன்னார், "இன்னா சார் நீங்க, இந்தக் காலத்துப் பொண்ணுங்க வாயத் தொறந்து பேசாது, போன்ல டைப் அடிச்சாத்தான் பேசும். நீங்களும் உள்ள வாங்க" என்று. எங்கே உள்ளே என்று கேட்டேன். என் போனை வாங்கி 'சங்கமம் பிளஸ்' என்று ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். அதில் எல்லாம் தமிழில்தான் இருந்தது, அதுதான் வினையே. நுழைந்ததும் சுகப்பிரியா படத்தைக் காட்டி, பக்கத்தில் 'பின்தொடர்' என்று எழுதியிருந்தது. எனக்குத் தலை சுற்றிவிட்டது. வயசுப் பிள்ளையைப் பின்தொடர்ந்தால் ஊரில் என்ன கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதுவும் பெற்ற பிள்ளையை! அதைத் தொடாமல் விட்டேன். அடுத்து 'இப்போது என்ன செய்கிறீர்கள்?' என்று ஒரு கட்டம் கேட்டது. கேட்டவர்களுக்குப் பதில் சொல்வதுதானே மரியாதை. '10.05, கன்டெய்னர் உள்ளே. 10.20, டிரைவர் டீ குடிக்க வெளியே. 10.40, டிரைவர் இன்னும் வரவில்லை. 10.45, நானும் பாத்ரூம்' என்று வண்டி நம்பரோடு ஒன்றுவிடாமல் எழுதினேன். நாலு நாள் எழுதினேன். ஐந்தாம் நாள் சூப்பர்வைசர் இனியவன் பைக்கை ஸ்டாண்டு கூடப் போடாமல் இறங்கி வந்தார்.

"யோவ் பெருசு, இன்னாய்யா பண்ணி வச்சிக்கிற? எந்த லாரி எத்தினி மணிக்கு வர்து, கேட்டாண்ட எப்ப ஆளில்லன்னு ஊருக்கே தண்டோரா போட்டுக்கினு கீற! நாளைக்கு எவனாவது சரக்கத் தூக்கிக்கினு போனா நீயா வந்து பதில் சொல்லுவ?"

"அதுதான் சார் கேட்டது" என்று போனைக் காட்டினேன். அவர் போனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். வேலை போகவில்லை, முருகன் புண்ணியம்.

அந்தக் கலவரத்தில் இருக்கும்போதுதான் நம் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக அதில் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'ஏற்றுக்கொள்', 'தடு' என்று இரண்டு பொத்தான்கள். கேட்டில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் என்ன தெரியுமா? எந்த வண்டி வந்தாலும் முதலில் தடு, அப்புறம் விசாரி, அப்புறம் உள்ளே விடு. முதலாளி காராக இருந்தாலும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தில் வந்தவர்களை எல்லாம் வரிசையாகத் தடுத்தேன். தடுத்துவிட்டு விசாரிக்கலாம் என்று பார்த்தால் ஒரு ஆளையும் காணோம். முப்பத்தேழு பேர் மச்சான், நீங்கள் பதினொன்றாவது. நீங்கள் கோபத்தில் போன் அடித்தபோது அந்தத் திரையிலும் அதே வார்த்தை தெரிந்தது, பதற்றத்தில் அங்கேயும் தடுத்துவிட்டேன். திரும்ப உள்ளே விடும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று சாம்சனுக்கும் தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், உங்களைத் தடுத்தது மரியாதையினால்தான்.

சங்கமத்தை அத்தோடு விட்டேன். சாம்சன் விடவில்லை. "இது வேற மாதிரி சார், இங்க ஊரே கீது, நடந்து போலாம்" என்று 'மினி டவுன்' என்ற ஒன்றைக் காட்டினார். போனுக்குள்ளே தெரு, வீடு, மரம், தோட்டம் எல்லாம் இருக்கிறது. நமக்கென்று ஒரு பொம்மை ஆளைக் கொடுக்கிறார்கள், அவன் நாம் சொன்னபடி நடப்பான். எனக்குக் கிடைத்தவனுக்கு முதுகில் வண்ணத்துப்பூச்சி இறக்கை இருந்தது. கழற்றவே முடியவில்லை. மீசையாவது வைக்கலாம் என்று பார்த்தேன், இறக்கை இன்னொரு ஜோடி முளைத்ததுதான் மிச்சம். நாலு இறக்கையோடு போய் சுகப்பிரியா பெயர் எழுதிய வீடு இருக்கும் தெருமுனையில் நின்றேன். நின்றதும் கை சும்மா இருக்குமா? வருகிற போகிறவர்களை எல்லாம் நிறுத்தி "எங்கே போகிறீர்கள், யாரைப் பார்க்க வேண்டும்?" என்று எழுதிக் கேட்டேன். முதல் நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் அதுதான் அந்த ஊர்ச் சட்டம் என்று நினைத்துக்கொண்டு, என்னைக் கண்டதும் அவர்களாகவே வரிசையில் நின்று பெயர் சொல்ல ஆரம்பித்தார்கள்.

சுகப்பிரியா வீட்டுக்கு மஞ்சள் சுவர். முன்னால் தக்காளித் தோட்டம், அதில் அவள் பொம்மை நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. "நான் உன் அப்பா கொம்பையா" என்று எழுதினேன். சாயங்கால டீ நேரம் அது. உடனே பதில் வந்தது, "எப்பா! வாங்க வாங்க, என்ன இப்படி இறக்கையோட வந்து நிக்கிய?" எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிள்ளை என்னைப் பார்த்து வாங்க என்று சொல்லி எத்தனை நாளாயிற்று! அரை மணி நேரம் பேசினோம். மறுநாள் காலை டீ நேரத்தில் போனேன். "இன்னா நைனா, டூட்டி எப்டி போவுது? வெயில் ஜாஸ்தியா கீது, மோர் சாப்டு" என்றாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சாயங்காலம் எப்பா, காலையில் நைனாவா? சாயங்காலம் பார்த்தால் மறுபடி "எப்பா, கருவாட்டுக் குழம்புன்னா எனக்கு உசுரு" என்கிறாள். அவளுக்குக் கருவாட்டு வாசம் வந்தாலே குமட்டும் என்பது உங்களுக்கும் தெரியும். ஊர் விட்டு ஊர் வந்தால் நாக்கு மாறிவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எப்படியோ பேசுகிறாளே, அது போதும் என்று இருந்தது.

மூன்றாம் வாரம் ஒரு சாயங்காலம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "மாரிராஜைக் கட்டிக்கொள்ள உனக்குச் சம்மதமா?" என்று ஒரே வரி. அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். திருப்பிப் பார்த்தால் "சரிப்பா" என்று இருந்தது. அந்த வார்த்தையைத்தான் தங்கை மூலம் உங்களுக்குச் சொல்லி அனுப்பினேன். நீங்கள் மண்டபம் சொல்லி, பத்திரிகைக்கு அச்சகத்தில் கொடுத்ததும் அதை நம்பித்தான். ஆனால் டைம் கீப்பர் புத்தி, எதையும் இரண்டாம் தடவை சரிபார்க்கும். மறுநாள் காலை கேட்டேன். "கல்யாணமா? ஆள வுடு நைனா! இப்பதான் நம்ம கால்ல நிக்கிறோம், அதுக்குள்ள கட்டிக் குடுத்துட்டு ஓடலாம்னு பாக்குறியா?" என்று வந்தது. சாயங்காலம் பதறிப்போய்க் கேட்டால் "சரின்னுதான் சொன்னேம்லா, எத்தன மட்டம் கேப்பிய?" என்கிறாள். காலையில் மாட்டேன், மாலையில் சரி. ஐந்து நாள் இப்படியே. நோட்டில் தேதி, நேரம் போட்டு எழுதி வைத்தேன். எழுதும்போதுதான் இன்னொன்று உறைத்தது. காலை பத்தரை மணிக்கு இவள் எப்படிப் பேசுகிறாள்? ஃபர்ஸ்ட் ஷிப்டில் அல்லவா இருக்க வேண்டும்? அவர்கள் கம்பெனியில் போனை லாக்கரில் வாங்கி வைத்துவிட்டுத்தான் லைனுக்கே விடுவார்கள். அப்படியானால் பிள்ளை வேலைக்கே போகவில்லை. வேலை போய்விட்டது, என்னிடம் மறைக்கிறாள், புத்தியும் கொஞ்சம் பேதலித்துவிட்டது என்று முடிவுக்கே வந்துவிட்டேன்.

நேற்று வியாழக்கிழமை சாம்சனிடம் கேட்டை ஒப்படைத்துவிட்டு ஹாஸ்டலுக்கு ஓடினேன். மணி பதினொன்று. வாசலில் வார்டன் பாப்பம்மாள்.

"சுகப்பிரியாவா? அது காலைலயே கம்பெனி பஸ் ஏறிப் போச்சே" என்றார்.

"இல்லம்மா, இதோ வீட்டில் நின்று தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள்" என்று போனைக் காட்டினேன்.

"இங்க ஏதுயா தக்காளி? குடிக்கவே லாரித் தண்ணிதான் வருது" என்று அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். எனக்கு அழுகை வருவதைக் கண்டு இரக்கப்பட்டு, அறைத்தோழிகளைக் கூப்பிட்டார். இரண்டு பெண்கள் இறங்கி வந்தார்கள். முதலில் வந்தது அரக்கோணத்துப் பெண் ரஞ்சனா, செகண்ட் ஷிப்ட், கையில் போன். பின்னால் தூக்கக் கண்ணோடு வந்தது சாத்தான்குளத்துப் பெண் முப்பிடாதி, நைட் ஷிப்ட். ரஞ்சனா என்னைப் பார்த்ததும் "ஐய, நைனா! இறக்கை எங்க?" என்றாள். அப்போதுதான் மச்சான் எனக்கு மண்டையில் ஏறியது. ஏறியும் முழுசாகப் புரியவில்லை.

"அது ஒண்ணுமில்ல நைனா. அந்தத் தக்காளிக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒரு தபாவாச்சும் தண்ணி ஊத்தணும், இல்லாட்டி வாடிப்பூடும். ஒரு ஆளால முடியுமா? அதான் மூணு பேரும் ஷிப்ட் போட்டுக்கினோம். காலைல அஞ்சு மணிக்கு சுகப்பிரியா, ஒரு மணிக்கு நானு, ராத்திரி ஒம்போதுக்கு முப்பிடாதி. பேரு அவளுது, தோட்டம் மூணு பேருக்கும். நடுவுல ரூம்ல யாரு கீறோமோ அவங்க உள்ள நின்னு பேசுவோம், காலைல நானு, சாயந்திரம் அவ ஓ.டி.ல இருக்க சொல்ல முப்பிடாதி. அவதான் சொன்னா, எங்கப்பா வந்தா நல்லாப் பேசுங்கடி, ஒண்டியா கெடக்காருன்னு."

அதாவது மச்சான், மூன்று வாரம் நான் என் மகளோடு பேசவே இல்லை. காலையில் ரஞ்சனாவோடும் மாலையில் முப்பிடாதியோடும் பேசியிருக்கிறேன். கல்யாணம் வேண்டாம் என்றது ரஞ்சனா, அவள் வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை நினைத்துக்கொண்டு அந்த ஆத்திரத்தில் எழுதினாளாம். சரிப்பா என்றது முப்பிடாதி. ஏம்மா அப்படி எழுதினாய் என்று கேட்டேன். "தெரியாமப் போட்டுட்டேன் மாமா" என்று தரையைப் பார்த்தாள். மறுநாளும் தெரியாமலா என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவள் மாடியேறிவிட்டாள். தூக்கக் கலக்கம், பாவம் என்று விட்டுவிட்டேன்.

நல்லவேளை அன்று அவளுக்கு ஓ.டி. இல்லை, இரண்டே முக்காலுக்கு சுங்குவார்சத்திரம் ஸ்டாப்பில் கம்பெனி பஸ் வந்து நின்றது. சுகப்பிரியா கழுத்தில் அடையாள அட்டையோடு இறங்கினாள், என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது, "எப்பா, அம்மைக்கு என்ன?" என்றாள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லி டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். ஒரு வடை வாங்கி நடுவில் வைத்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டேன். பொம்மை இல்லை, இறக்கை இல்லை, என் வாயால் கேட்டேன்.

"வேண்டாம்பா" என்றாள். "மாரி நல்லவந்தான். ஆனா என்னைய லைன்ல இருந்து குவாலிட்டி செக்கிங்குக்கு மாத்துதோம்னு சொல்லியிருக்காவ. பரீட்ச எழுதிட்டேன். இப்ப ஊருக்கு வந்தா திரும்ப முதல்ல இருந்துலா நிக்கணும்? அம்மைட்ட சொன்னா அழுவா, மாமாட்ட சொன்னா கோவப்படுவாவ. நீங்க கேக்கவே இல்ல. கேக்காதவங்கட்ட எப்படிப்பா சொல்ல?"

கூச்சமில்லாமல் எழுதுகிறேன், சுங்குவார்சத்திரம் டீக்கடையில் செக்யூரிட்டி உடுப்போடு உட்கார்ந்து அழுதேன். அவள் வேண்டாம் என்றதற்காக அல்ல. என் பிள்ளையின் குரலைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் மூன்று வாரம் ஊரார் பிள்ளைகளோடு பேசிப் பூரித்திருக்கிறேனே, அதற்காக. அவள் தன் கைக்குட்டையைக் கொடுத்து, "அழாதீங்கப்பா, கம்பெனி ஆட்கள் பாக்காவ" என்றாள். ஒரு வடையை இரண்டு பேரும் பிய்த்துத் தின்றோம்.

ஆகையால் தாங்கள் என்னை மன்னித்து, தயவுசெய்து மண்டபத்தை வேண்டாம் என்று சொல்லிவிடவும். அச்சகத்திலும் நிறுத்தச் சொல்லவும். மருமகன் மாரிராஜிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லவும். பாவம், அவன் மனம் உடைந்துபோவான், அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது, பிள்ளையைத் திட்ட வேண்டாம். சங்கமம், மினி டவுன் இரண்டையும் போனிலிருந்து அழித்துவிட்டேன், இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். அக்காவுக்கு என் கும்பிடு. வல்லக்கோட்டை விபூதி உள்ளே மடித்து வைத்திருக்கிறேன், வீட்டில் எல்லோரும் பூசிக்கொண்டு, கோபம் தணிந்து, பல்லாண்டு நன்றாக இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அடக்கமுள்ள மச்சினன்,
சு. கொம்பையா.

பின்குறிப்பு: இதை ஒட்டித் தபாலில் போடுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. பிரித்து எழுதுகிறேன். இன்று காலை என் கேட்டுக்கு மருமகன் மாரிராஜ் வந்து நின்றான், புதுச் சட்டையும் கையில் ஒரு பை கருவாடுமாக. தன் செல்போன் கடைக்குச் சாமான் வாங்கச் சென்னை போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். மனம் உடைந்துவிடாதே மருமகனே என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவன் என் காலில் விழுந்துவிட்டான். "மாமா, மன்னிச்சுக்கிடுங்க. எனக்குச் சுகப்பிரியா வேண்டாம். அந்த மஞ்சள் வீட்டுல சாயங்காலம் பேசுத பிள்ளையத்தான் கட்டுவேன்" என்றான். இரண்டு மாதமாக அவனும் மினி டவுனுக்குப் போய்க்கொண்டிருக்கிறானாம். அது சுகப்பிரியா இல்லை என்று உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். "முத நாளே தெரியும் மாமா. சுகப்பிரியா என்னைய மாரீன்னுதான் கூப்பிடுவா. இவ அத்தான்னு கூப்பிட்டா" என்கிறான். முதல் நாளே! பெற்றவனுக்கு மூன்று வாரமாகியும் தெரியாதது அவனுக்கு ஒரே வார்த்தையில் தெரிந்திருக்கிறது. சுகப்பிரியாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன், அவள் சிரித்த சிரிப்பை இந்த ஐந்து மாதத்தில் நான் கேட்டதில்லை. அதே போனில் முப்பிடாதியைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டேன், "சரிப்பா" என்றாள். சாத்தான்குளத்தில் அவள் வீட்டுக்கு நீங்களும் நானும் நேரில் போய்ப் பேசலாம், அவர்கள் போன் நம்பர் வேண்டாம், நான் தடுத்துவிடுவேன். ஆகவே மச்சான், மேலே எழுதியவற்றை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். மண்டபத்தை விட வேண்டாம். அச்சகத்துக்கு மட்டும் உடனே ஆள் அனுப்பி, பெண்ணின் பெயரை மாற்றச் சொல்லவும்.